டோக்கியோவில் மீன் அச்சு வகுப்பு: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

புது மீன், கோசோ மரப்பட்டைக் காகிதம், நேரடி, மறைமுகம் என இரண்டு அச்சு முறைகளும் கற்றுத்தரப்படும் என்று போட்டிருந்தார்கள். 9,000 யென் கட்டியதற்குக் கிடைத்தது பாதி உருகிய உறைமீன், பிரிண்டர் தாள், கருப்பு அக்ரிலிக் பெயின்ட், மொத்தம் 40 நிமிடம். பணத்தைத் திருப்பிக் கேட்டால் "மீன் செலவாகிவிட்டது" என்கிறார்கள்.

கியோதாகு, அதாவது மீனின் உருவத்தை மையால் காகிதத்தில் பதிக்கும் இந்த ஜப்பானிய அச்சு, ஆயிரம் ஆண்டுக் கலை என்றும் அங்கே அளந்தார்கள். இன்றிருப்பதில் மிகப் பழைய அச்சு 1839இல் எடோவின் (இன்றைய டோக்கியோ) கின்ஷிபோரியில் பிடித்த ஃபுனா என்ற கெண்டை வகை மீனுடையது.

மீனைக் கழுவவே இல்லை. அந்த வழவழப்பு மேலே இருக்கும்வரை மை ஒட்டாது, திட்டுத் திட்டாகத் திரளும். உப்பைத் தூவி, தலையிலிருந்து வாலுக்கு மெல்லத் தேய்த்துக் கழுவி, ஒற்றி உலர்த்த வேண்டும். எதிர்த்திசையில் தேய்த்தால் செதில் உரிந்துவிடும். செவுளிலும் மலத்துளையிலும் டிஷ்யூ அடைக்காததால் நீர் கசிந்து, அச்சின் வயிற்றுப்பகுதி முழுக்கச் சாம்பல் கறை. துடுப்பை விரித்துக் களிமண்ணில் குண்டூசி குத்தி நிறுத்தவில்லை. அது குச்சி போலப் பதிந்தது.

கண்ணுக்கும் மை பூசிவிட்டார்கள். அந்த இடம் வெறும் கருப்புப் பொட்டு. கண்ணை விட்டுவிட்டு அச்செடுத்து, பிறகு மெல்லிய தூரிகையால் வரைவதுதான் முறை. மீனுக்கு உயிர் வருவதே அங்கேதான்.

பெரிய ஏமாற்று மறைமுக முறையில். நம் ஊரில் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான்: ஈரக் காகிதத்தை மீன்மேல் ஒட்டி, பாதி காய்ந்ததும், பஞ்சைப் பட்டுத்துணியில் கட்டிய ஒற்றுப்பொட்டலத்தால் மேலிருந்து மையை ஒற்றி ஒற்றி ஏற்றுவது. மணிக்கணக்காகும். இவர்கள் நேரடி முறைப்படி மீனுக்கே மை பூசித் தாளை அழுத்திவிட்டு, இதுதான் மறைமுகம் என்றார்கள். கண்டுபிடிப்பது சுலபம்: நேரடி அச்சில் மீன் திசை மாறிவிடும், இடப்பக்கம் பார்த்த மீன் வலப்பக்கம் பார்க்கும். மறைமுகத்தில் மாறாது.

முன்பதிவுக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன காகிதம், என்ன மை, ஓர் ஆளுக்கு எத்தனை மீன். ரப்பர் மீன் என்று வெளிப்படையாகச் சொன்னால் அதில் தப்பில்லை, பழக அது போதும்.

முடிந்ததும் "வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையுங்கள்" என்று அந்த மீனையே பையில் போட்டுத் தந்தார்கள். அக்ரிலிக் பூசிய மீனைத் தயவுசெய்து யாரும் சாப்பிடாதீர்கள்.