புரோபாக்ஸ் எஞ்சின் மவுண்ட்: ரங்கூன் கடைகளில் கிடைக்கும் மூன்று ரகத்தில் எது தேறும்?

சிக்னலில் டி (டிரைவ்) கியரில் பிரேக்கை மிதித்து நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது, டாஷ்போர்டு கடகடக்கிறது, ஏசி போட்டால் இன்னும் மோசம். ரங்கூனில் டாக்ஸியாக ஓடும் பழைய டொயோட்டா புரோபாக்ஸ் வண்டிகளில் இது சகஜம். மவுண்ட், அதாவது எஞ்சினைப் பாடியில் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் தாங்கி, போய்விட்டது என்று வலது, இடது, பின்பக்கம் மூன்றையும் மாற்றியபின் அதே நடுக்கம், சில வண்டியில் முன்பைவிட அதிகம் என்றால், வாங்கிய மவுண்ட் அந்த வண்டிக்கு உரியதுதானா என்று பார்க்க வேண்டும். கடையில் கிடைப்பது மூன்று ரகம்: டொயோட்டா பெட்டியில் வரும் ஒரிஜினல், ஜப்பானில் வண்டியிலிருந்து கழற்றி வந்த பழசு, காப்பி.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. டி-யிலிருந்து என்-னுக்கு (நியூட்ரல்) மாற்றுங்கள். நடுக்கம் நன்றாகக் குறைந்தால் மவுண்ட் மேல் சந்தேகப்படலாம். என்-னிலும் அப்படியே இருந்தால் எஞ்சின் ஒழுங்காக எரிகிறதா என்று முதலில் பாருங்கள். இந்த 1என்இசட்-எஃப்இ எஞ்சினில் பிளக்குக்கு ஒரு இக்னிஷன் காயில் (பிளக்குக்கு மின்பொறி தருவது), மொத்தம் நான்கு. ஐடிலில் ஒவ்வொரு காயில் சாக்கெட்டாகக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றியும் எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. சிஎன்ஜி போட்ட வண்டி என்றால் பெட்ரோலுக்கு மாற்றிப் பாருங்கள். பெட்ரோலில் அமைதியானால் கோளாறு கேஸ் பக்கம். மவுண்டுக்குக் காசு போடாதீர்கள். ஓட்டத்தில், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் ஆட்டம் டயர், டிரைவ் ஷாஃப்ட் சமாச்சாரம்.

டி-யில் மட்டும் ஏன் அதிகம்? ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 700 சுற்று. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிவதால் நிமிடத்துக்கு 1400, அதாவது நொடிக்குச் சுமார் 23 முறை எஞ்சின் அடிக்கிறது. கியர் விழுந்ததும் எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்து பின்பக்க மவுண்ட்டை அழுத்துகிறது. ரப்பர் மெத்தென்று இருந்தால் அந்த அடியை விழுங்கிவிடும். இறுகிப்போயிருந்தால், அல்லது ரப்பர் கிழிந்து இரும்பும் இரும்பும் தொட்டால், அத்தனையும் பாடிக்கு ஏறும். வலது மவுண்ட் டிரைவர் பக்கமே இருப்பதால் முதலில் உணர்வது அவர் கைதான்.

இனி பொருத்தம். "1என்இசட் மவுண்ட் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டு வாங்குவதில்தான் தப்பு தொடங்குகிறது. இதே எஞ்சின் கரோலா ஃபீல்டரிலும் உண்டு. பாடி வேறு, மவுண்டும் வேறு. புரோபாக்ஸிலேயே 2014-இலிருந்து வந்த என்சிபி160 மாடலில் சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோ) கியர்பாக்ஸ். பழைய என்சிபி51 சாமான் அதற்கு வேண்டாம். நான்கு சக்கர இழுவை என்சிபி55-க்கும் தனியாகப் பார்க்க வேண்டும். ஜப்பான் உள்நாட்டு வண்டிக்கு 17 இலக்க எண் கிடையாது. சேஸிஸ் எண் என்சிபி51 என்று தொடங்கி ஒரு கோடு, பிறகு வரிசை எண். அதோடு தகட்டில் உள்ள மாடல் குறியையும் கியர்பாக்ஸ் குறியையும் போனில் படம் பிடித்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். நான்கு கியர் ஆட்டோ என்றால் யு340இ என்று இருக்கும். மேனுவல் வண்டியின் இடது மவுண்ட்டை ஆட்டோவில் போட முயல்வது வீண்.

டொயோட்டா பாக நம்பர் ஐந்தும் ஐந்துமாகப் பத்து இலக்கம். முதல் ஐந்து அது என்ன சாமான் என்று சொல்லும்: வலது மவுண்ட் 12305, இடது 12372, பின் 12371. அடுத்த ஐந்து 21 என்று தொடங்கினால் என்இசட் எஞ்சின் குடும்பம். மீதி மூன்று இலக்கத்தில்தான் வண்டிக்கு வண்டி வித்தியாசம். அதைச் சேஸிஸ் எண்ணை வைத்து எடுக்காமல், கண்ணால் பார்த்து "அதே மாதிரிதான் இருக்கு" என்று வாங்கவே கூடாது.

ஒரிஜினல் விலை கனம், கியாட் விழும்போதெல்லாம் ஏறுகிறது. ஆனாலும் ரப்பரின் மென்மை, உயரம், துளை மூன்றும் ஒத்துவரும். காசு கொஞ்சம்தான் என்றால் வலதும் பின்னும் ஒரிஜினலாகப் போடுங்கள், இடதைக் கடைசிக்கு விடலாம்.

ஜப்பான் பழசு நம் ஊரில் ரொம்பப் பிரியமானது. கியர்பாக்ஸ், ஆல்டர்னேட்டர் என்றால் நாமும் அதைத்தான் சொல்வோம். மவுண்டுக்கு வேண்டாம். ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகும். பத்து வருட ரப்பரைக் கழற்றிவிட்டு இன்னொரு பத்து வருட ரப்பரைப் போடுவதில் என்ன லாபம்? திரவம் அடைத்த மவுண்ட் என்றால் இன்னும் ஆபத்து. உள்ளே கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்த திரவம். அது ஒழுகிப்போனால் வெளியே ஒரு கறை மட்டும் தெரியும், கடைக்காரர் துடைத்து வைத்திருந்தால் அதுவும் தெரியாது.

காப்பியில் நல்லதும் உண்டு, ஆனால் கடையிலேயே சோதித்து வாங்க வேண்டும். கழற்றிய பழசைக் கையோடு கொண்டுபோங்கள். துளைக்குத் துளை தூரத்தை வெர்னியரில் அளந்து பாருங்கள். ஸ்டட் (மவுண்ட்டிலேயே பதித்த மரைக்கம்பி) இருந்தால் பழைய நட்டைக் கையால் திருகுங்கள்: டொயோட்டாவில் 10, 12 மி.மீ. போல்ட்டுக்குப் புரி இடைவெளி பொதுவாக 1.25 மி.மீ. இரண்டு சுற்றில் இறுகினால் புரி வேறு, ஸ்பானரால் தள்ளாதீர்கள். கட்டைவிரல் நகத்தால் ரப்பரை அழுத்துங்கள். கல் மாதிரி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "ஹெவி டூட்டி" என்று கலர் கலராக விற்கும் பாலியூரித்தேன் மவுண்ட் ரேஸ் வண்டிக்கு. டாக்ஸியில் போட்டால் 23 அடியும் பயணிக்குத்தான்.

பொருத்துவதிலும் கெடுக்கிறார்கள். ஜாக்கை ஆயில் சம்ப் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தட்டு) மேல் நேரே வைக்காமல் அகலமான பலகை கொடுத்து, எஞ்சின் கனத்தைத் தாங்கும் அளவுக்கு மட்டும் தூக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மவுண்ட். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் ஏற்றி, ஜாக்கை இறக்கி, எஞ்சின் தன் கனத்தில் உட்கார்ந்த பிறகே முறுக்கி இறுக்க வேண்டும். சாய்ந்த நிலையில் இறுக்கினால் புது ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். நடுக்கமும் போகாது, சீக்கிரம் கிழியும். "சயா (மாஸ்டர்), சும்மா இறுக்கிடுங்க" என்று மெக்கானிக்கை அவசரப்படுத்தாமல் அந்தப் பத்து நிமிடம் கொடுங்கள்.

வலது மவுண்டுக்கு மேலே டைமிங் கவரோ வால்வ் கவரோ ஆயில் கசிந்தால் அதை முதலில் அடையுங்கள். ஆயில் ஊறிய ரப்பர் உப்பிக் குழைந்துவிடும், ஒரிஜினலும் தப்பாது. எஞ்சின் அடியில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கவர் காணாமல் போன வண்டி என்றால், மழைக்காலம் பிடிப்பதற்குள் அதையும் மாட்டிவிடுங்கள்.