ஓட்டத்தில் எரிப்பதா, நிறுத்தி எரிப்பதா? டீசல் பிக்கப்பின் புகை வடிகட்டி குறித்து ஓர் ஒப்பீடு

2020 ஏப்ரல் 1 அன்று வாகனப் புகை மாசுக்கான பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் விற்பனையாகும் டீசல் பிக்கப் வண்டிகளில், டிபிஎஃப் எனப்படும் புகை வடிகட்டி ஏறத்தாழ தவிர்க்க முடியாத உறுப்பாகிவிட்டது. வாங்கும்போது மைலேஜையும் ஏற்றும் எடையையும் கடன் தவணையையும் பற்றியே கேட்கிறோம். இந்த வடிகட்டியைப் பற்றிய கேள்வி, மீட்டர் போர்டில் அதன் விளக்கு முதன்முறை எரியும்போதுதான் எழுகிறது. வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்து வெளியேற்றும் வேலையை, அதாவது ரீஜெனரேஷனை, மூன்று வகையில் முடிக்கலாம்: வண்டி ஓடும்போதே தானாக முடியவிடலாம், வண்டியை நிறுத்தி வைத்து, பொத்தானை அழுத்தி எரிக்கலாம், சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மூலம் எரிக்கச் செய்யலாம். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றும் எங்கள் தொழிலில், பொத்தான் உள்ள வண்டி ஒன்றும் இல்லாத வண்டி ஒன்றும் ஓடுகின்றன. நாங்கள் முதல் வழியையே நம்புவதென்று முடிவு செய்திருக்கிறோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வடிகட்டி செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அடுத்தடுத்த துளைகளின் ஒரு முனை மாறி மாறி அடைக்கப்பட்டிருப்பதால், புகை சுவரை ஊடுருவித்தான் வெளியேற வேண்டும். கரி சுவரிலேயே தங்கிவிடும். பி.எஸ். 4 காலத்தில் எடை மிகுந்த இலகுரகச் சரக்கு வண்டிகளுக்குக் கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்பட்ட துகள் அளவு இப்போது 4.5 மில்லிகிராம் என்பதால், இந்தக் கட்டி இல்லாமல் டீசல் வண்டி தேறுவது கடினம். தங்கும் கரி, புகை போதுமான சூட்டில் இருந்தால் நைட்ரஜன் டை ஆக்சைடின் உதவியால் 250 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்லத் தானாகவே எரியும். அது போதாதபோது இன்ஜின் கணினி கூடுதல் டீசலைத் தெளித்து, வடிகட்டியின் சூட்டை 600 டிகிரி அளவுக்கு உயர்த்தி எரிக்கிறது. தனித் தொட்டியில் ஊற்றும் டெஃப் திரவத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்கு உரியது. டெஃப் ஊற்றியும் டிபிஎஃப் விளக்கு அணையவில்லை என்று வருந்துவோரை அடிக்கடி பார்க்கிறேன்.

ஓட்டத்தில் நடக்கும் எரிப்பின் பெரிய குறை, அது நடப்பது நமக்குத் தெரிவதில்லை என்பதே. பல மாடல்களில் இயல்பான எரிப்புக்கு விளக்கே கிடையாது. எரிப்பு பலமுறை தடைப்பட்டு, கரி மிகுந்த பிறகுதான் விளக்கு வரும். ஆனால் கவனித்துப் பழகிய ஓட்டுநருக்கு அடையாளங்கள் உண்டு. நின்ற இடத்தில் இன்ஜினின் சுற்று வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும், சத்தம் கனக்கும், உடனடி மைலேஜ் காட்டும் மீட்டர் இருந்தால் எண் சட்டென்று சரியும், சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் ஓட்டுநர் இந்தக் கடைசி அடையாளத்தைத்தான் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ஃபேன் நிக்கல, பைபாஸ் வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவராகவே கிளம்பிவிடுவார். ஒரே சீராகப் பத்து முதல் இருபது நிமிடம் ஓடினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். அதிவேகம் தேவையில்லை. கியரை ஒன்று குறைத்து, இன்ஜின் சுற்றை நிமிடத்துக்கு 2,000-க்கு மேல் வைத்துக்கொண்டால் போதும் என்பதே எங்கள் அனுபவம். காலியாகத் திரும்பும் வண்டியைவிட லோடோடு போகும் வண்டியில் புகை அதிகச் சூடாக இருப்பதால், பழனி வழியாகப் பொள்ளாச்சிப் பக்கம் லோடு போகும் நடையிலேயே வடிகட்டி பெருமளவு தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்கிறது.

சிக்கல் வருவது தோட்டத்து நடையில்தான். ஊர் ஊராக நின்று பத்துப் பெட்டி தக்காளி, ஐந்து கட்டு முருங்கை என்று ஏற்றி, சந்தை வாசலில் வரிசையில் நின்று, மீண்டும் அடுத்த தோட்டத்துக்குப் போகும் வண்டியின் இன்ஜின் நன்றாகச் சூடாவதற்குள் அணைக்கப்பட்டுவிடுகிறது. எரிப்பு தொடங்கிப் பாதியில் நிற்கிறது, மறுபடி தொடங்குகிறது, மறுபடி நிற்கிறது. நிறுத்தி எரிக்கும் பொத்தானுக்கு நியாயம் இருப்பது இங்கேதான். வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, இன்ஜின் சூடான நிலையில் பொத்தானை அழுத்தினால், சுற்று தானாக உயர்ந்து, இருபது முதல் நாற்பது நிமிடத்தில் எரிப்பு முடியும். சாலை தேவையில்லை, ஓட்டுநர் டீ குடித்துவிட்டு வரலாம். விளக்கு மின்னத் தொடங்கி, இன்ஜின் சக்தி குறைக்கப்படும் கட்டத்துக்கு முன்பாகவே இதைச் செய்துவிட்டால் சர்வீஸ் சென்டர் செலவு மிச்சம். பொத்தான் உள்ள மாடலுக்குக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்கலாமா என்பவருக்கு, அவசரத்துக்கு அது இருப்பது நல்லது என்றுதான் சொல்வேன்.

அதை வழக்கமாக வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. நெருப்பு அபாயம் வெளிப்படையானது: நம் ஊர்ச் சாலைகளில் கதிர் காயப்போடும் பருவத்தில் வைக்கோல் அச்சிலும் புகைக்குழாயிலும் சுற்றிக்கொள்ளும்; கரும்புத் தோகை கிடக்கும் களத்தில் வண்டியை நிறுத்தி, அடியில் 600 டிகிரிச் சூட்டை உண்டாக்குவது விபரீதம். மூடிய ஷெட்டில் வைத்துச் செய்யவும் கூடாது. இவற்றையெல்லாம் இடம் பார்த்து நிறுத்துவதன் மூலம் தவிர்த்துவிடலாம். தவிர்க்க முடியாதது இன்ஜின் ஆயிலுக்கு நேர்வது. என் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான்.

வடிகட்டியைச் சூடாக்கத் தேவையான கூடுதல் டீசலைப் பெரும்பாலான இன்ஜின்கள் சிலிண்டருக்குள்தான் தெளிக்கின்றன. பிஸ்டன் கீழிறங்கிக்கொண்டிருக்கும்போது, எரிதல் ஏறத்தாழ முடிந்த பின்னர், இந்தத் தெளிப்பு நடக்கிறது. இந்த டீசல் எரியாத ஆவியாகவே வெளியேறி, வடிகட்டிக்கு முன்னுள்ள வினையூக்கியில் எரிந்து சூட்டைத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் பட்டு, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலந்துவிடுகிறது. பெட்ரோலாக இருந்தால் ஆயிலின் சூட்டிலேயே பெரும்பாலும் ஆவியாகிவிடும். டீசலின் கொதிநிலை ஏறத்தாழ 180 டிகிரியில் தொடங்கி 360 வரை போவதாலும், ஆயில் 100 டிகிரியைச் சுற்றியே இருப்பதாலும், கலந்தது பெரும்பாலும் அங்கேயே தங்குகிறது. ஓடும் வண்டியில் புகை ஏற்கெனவே சூடாக இருப்பதால் குறைந்த டீசல் போதும். நிற்கும் வண்டியின் புகையோ குளிர்ந்தது. அதே சூட்டுக்குக் கொண்டுவரக் கூடுதலாகத் தெளிக்க வேண்டும். பாதியில் அணைக்கப்படும் எரிப்பு இன்னும் மோசம்: டீசல் கலந்துவிடும், கரியும் போகாது.

இதை உறுதிசெய்ய ஆய்வகம் தேவையில்லை. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் கேஜை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்த்தால் போதும். ஆயில் இயல்பாகக் குறைய வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் டீசல் கலந்திருக்கிறது என்று பொருள். தோட்டத்து நடையிலேயே தொடர்ந்து ஓடிய வண்டியின் கேஜில் ஆயில் மேல் கோட்டுக்கு ஒரு விரல்கடை உயரத்தில் நின்றது. விரல்களுக்கிடையே தேய்த்தபோது பிசுக்கு இல்லை, தண்ணீர்போல் வழுக்கியது, மண்ணெண்ணெயை நினைவூட்டும் நெடி. அந்த ஆயில் டர்போவின் பேரிங்கையும் கிராங்கையும் காக்கும் என்று நம்புவதற்கில்லை. அளவு மிக அதிகமானால் ஆயில் காற்றுக்குழாய் வழியே உறிஞ்சப்பட்டு, சாவியை அணைத்தாலும் இன்ஜின் கட்டுப்பாடின்றி ஓடும் ஆபத்தும் உண்டு.

அமெரிக்கப் பிக்கப்கள் இந்தப் பாடத்தை நமக்கு முன்பே படித்தவை. 2008 மாடலாக வந்த ஃபோர்டின் 6.4 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இன்ஜின், சிலிண்டருக்குள் தெளிக்கும் முறையால் ஆயிலில் டீசல் கலப்பதற்குப் பெயர் பெற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் டியூராமேக்ஸ் எட்டு சிலிண்டர் இன்ஜினை 2011 மாடலுக்காக மாற்றியபோது, புகைக்குழாயிலேயே ஒன்பதாவது இன்ஜெக்டர் ஒன்றைப் பொருத்தியது. தெளிப்பு சிலிண்டருக்கு வெளியே போனதால் ஆயிலுக்கு வந்த கேடு விலகியது. நீங்கள் வாங்கப்போகும் வண்டியில் தனி இன்ஜெக்டர் உண்டு என்றால், நிறுத்தி எரிப்பதற்கு எதிரான என் வாதத்தில் பாதி வலுவிழந்துவிடும்.

தனி இன்ஜெக்டரும் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை என்பதற்கு ஆஸ்திரேலியாவின் டொயோட்டா ஹைலக்ஸ் வழக்கு சான்று. புகைக்குழாயில் தனியாகத் தெளிக்கும் அமைப்பு அதில் இருந்தது. 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் டீசல் வண்டிகள் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அந்தக் கூட்டு வழக்கில் அடங்கின. அவற்றில் டிபிஎஃப் அமைப்பு குறையுடையது என்று 2022-இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் முடிவு செய்தது. 2018-இல் நிறுவனம் கைப்பொத்தான் சேர்த்தும் கோளாறு முழுமையாக நீங்கவில்லை. இதில் எனக்கு எதிராகவும் ஒரு செய்தி இருக்கிறது: மணிக்கு 100 கிலோமீட்டர் அளவில் தொடர்ந்து ஓட்டிய வண்டிகளில்தான் அந்தக் குறை வெளிப்பட்டது. நெடுஞ்சாலையில் ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்னும் பொதுவான அறிவுரை, அமைப்பே பிழையாக இருக்கும் வண்டிக்குப் பொருந்தாது. நான் சொல்வது, வடிவமைப்புச் சரியாக உள்ள வண்டிக்கு மட்டுமே.

சர்வீஸ் சென்டர் எரிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அங்கு நடப்பதும் நிறுத்தி எரிப்பதே. ஸ்கேனர் கட்டளையிடுகிறது, அவ்வளவுதான். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை அளக்கும் சென்சாரோ அதன் ரப்பர் குழாயோ பழுதாகியிருந்தால் கண்டுபிடிக்க முடிவது அதன் பயன். எரித்த பிறகு ஆயிலை மாற்றச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். மாற்றத் தேவையில்லை என்றால், கேஜை உங்கள் கண் முன்னே உருவிக் காட்டச் சொல்லுங்கள்.

எந்த வகையில் எரித்தாலும் போகாதது சாம்பல். கரி டீசலிலிருந்து வருவது; சாம்பல் இன்ஜின் ஆயிலில் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம் முதலியவற்றிலிருந்து வருவது. அது எரியாது, லட்சக்கணக்கான கிலோமீட்டரில் வடிகட்டியின் துளைகளைக் கடைசியிலிருந்து நிரப்பிக்கொண்டே வரும். ஆகவே சாம்பல் குறைந்த ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். ஐரோப்பிய ஏசிஇஏ சி3 தரத்தில் சல்ஃபேட்டட் சாம்பல், அதாவது ஆயிலை எரித்தால் மிஞ்சும் சாம்பல், 0.8 சதவீதத்துக்குள்; அமெரிக்க ஏபிஐ சிகே-4 தரத்தில் 1 சதவீதத்துக்குள். இவற்றில் எது உங்கள் வண்டிக்கு என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிக்கு வாங்கிய டின்னில் மிச்சம் இருக்கிறதே என்று இதில் ஊற்றிவிடுவது, மிச்சப்படுத்திய சில நூறு ரூபாய்க்கு வடிகட்டியின் ஆயுளைக் கொடுப்பதாகும். சாம்பல் நிறைந்த வடிகட்டியைக் கழற்றி, சூளையில் சுட்டுக் காற்றடித்துச் சுத்தம் செய்யும் கடைகள் இருக்கின்றன. எங்கள் வண்டிகள் அந்தக் கட்டத்தை இன்னும் எட்டாததால், அது எவ்வளவு காலம் தாங்கும் என்பதை நான் சொல்வது முறையாகாது. வடிகட்டியையே உடைத்தெடுத்து, கணினியை ஏமாற்றும் வேலையை அலசலில் சேர்க்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு அது முரணானது.

எங்கள் ஏற்பாடு எளிமையானது. இரண்டு வண்டிகளும் தோட்டத்து நடையையும் பொள்ளாச்சி நடையையும் வாரம் மாற்றி வாரம் எடுத்துக்கொள்கின்றன. ஒரே வண்டி குறுநடையிலேயே கிடப்பதில்லை. பொத்தானைத் தொடுவது, விளக்கு வந்து, பைபாஸ் சுற்றுக்கும் வழியில்லாத மழைநாளில் மட்டும். ஆயில் மாற்றுவதற்குக் கையேடு குறிப்பிடும் தூரத்தை உச்ச வரம்பாகக் கொண்டு, குறுநடை மிகுந்த மாதங்களில் அதற்கு முன்பே மாற்றுகிறோம். ஆயில் விலை கூடுதலாகத்தான் ஆகிறது. டர்போ விலையோடு ஒப்பிட்டால் எனக்கு அது பொருட்டில்லை.

வண்டி முழுக்க ஊருக்குள்ளேயே, ஐந்தாறு கிலோமீட்டர் நடைகளாகவே ஓடப்போகிறது என்றால், இந்த இரண்டில் எதைத் தேர்ந்தாலும் தொல்லைதான். கேஸ் சிலிண்டர், குடிநீர்க் கேன், மளிகை விநியோகம் போன்ற தொழில்களுக்கு சிஎன்ஜி அல்லது பெட்ரோல் சிறுசரக்கு வண்டியே பொருந்தும். பங்க் அருகில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். டீசல்தான் வேண்டும் என்பவர்கள் ஷோரூமில் மூன்றைக் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளலாம்: கரியின் அளவை மீட்டர் போர்டு சதவீதமாகவோ கோடாகவோ காட்டுமா, கூடுதல் டீசல் சிலிண்டரில் தெளிக்கிறதா புகைக்குழாயிலா, எரிப்பு தடைப்பட்டதால் வடிகட்டி அடைத்தால் வாரண்டி பொருந்துமா. பழைய வண்டி வாங்குபவர் ஸ்கேனரில் கடைசி எரிப்புகளுக்கு இடைப்பட்ட தூரத்தைப் பார்க்கட்டும். சில நூறு கிலோமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது, ஐம்பது என்று வந்தால் விலையைக் குறைத்துக் கேட்பதைவிட வேறு வண்டி பார்ப்பது நல்லது.