தொட்டப்பாளையம் பக்கம் சாயங்கால தத்துவ கிளாஸ்: 4 ஸ்டார்

மதம் மாத்தற வேலை எதுனா இருக்கப் போகுதுன்னு வீட்ல பயந்தாங்க, அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. சர்ச் ஹால்ல ஞாயித்துக்கெழம சாயங்காலம் ரிட்டயர் ஆன புரொஃபசர் ஒருத்தர் எடுக்கறாரு, பாதிப்பேரு என்ன மாதிரி இந்துங்கதான், பாய் வீட்டு பசங்களும் வராங்க. பேசற விஷயம் ஒண்ணே ஒண்ணு, மனுஷன் தன் முயற்சியிலயே முழுமை அடைய முடியுமா முடியாதா.

அஞ்சாம் நூற்றாண்டுல பெலேஜியஸ், அகஸ்டின்னு ரெண்டு கிறிஸ்தவ சிந்தனையாளருங்க போட்ட சண்டையில ஆரம்பிக்கறாரு. கடவுள் ஒண்ண செய்யச் சொன்னா நம்மால முடியும்னுதான அர்த்தம், மனசு வெச்சா பாவமே இல்லாம வாழலாம்னு பெலேஜியஸ் கட்சி. ஆதாம் பண்ண பாவத்தோடயே மனுஷ சுபாவம் கெட்டுப் போச்சு, அருள் இல்லாம மனசே நல்லது பக்கம் திரும்பாதுன்னு அகஸ்டின். 418ல வட ஆப்பிரிக்காவுல கார்த்தேஜ்ன்ற ஊர்ல கூடின ஆயர்கள் (பிஷப்புங்க) பெலேஜியஸ் சொன்னத தப்புன்னு தள்ளிட்டாங்க. எனக்கென்னமோ பெலேஜியஸ் மேல இன்னும் கொஞ்சம் பாவமாத்தான் இருக்குது.

அதுக்கு ஒரு நர்ஸ் அக்கா எழுந்து, "அப்போ நல்லவளா இருக்க பாடுபடறதே வேஸ்ட்டா சார்?"னு கேட்டாங்க பாருங்க, அங்கதான் கிளாஸே சூடு புடிச்சுது. சார் நேரா தாமஸ் அக்வினாஸுன்ற கிறிஸ்தவ தத்துவ மேதைக்கு (1225–1274) போயிட்டாரு. சுபாவம் மொத்தமா அழியலம்மா, பாவத்தால அடிபட்ட மனுஷனும் வீடு கட்டுவான், திராட்சைத் தோட்டம் போடுவான், நோயாளி கட்டில்ல கை கால் அசைக்கற மாதிரி, ஆனா நல்லா இருக்கறவன் மாதிரி எழுந்து நடமாட மருந்து வேணும், இது நான் சொல்லல அக்வினாஸே எழுதனதுன்னு புக்க பிரிச்சு காட்டினாரு. நம்மூர்ல இத சொன்னா யாருக்குதான் புரியாது, அக்கா சிரிச்சிகினே உக்காந்துட்டாங்க. அருள் சுபாவத்த அழிக்காது, நெறைவாக்கும், அந்த முழு நெறைவு கடவுள நேரா பாக்கறதுலதான், இந்த ஜென்மத்துல அரைகுறையாத்தான் கெடைக்கும்ன்றதையும் அதோட சேத்து பொறுமையா விளக்கினாரு. இந்த ஒரு கிளாஸுக்கே காசு சரியா போச்சு.

கொறன்னா, அக்வினாஸுக்கு அப்புறம் வந்த டன்ஸ் ஸ்கோட்டஸுன்ற கிறிஸ்தவ தத்துவ ஆள கடைசி பத்து நிமிஷத்துல ஓட்டிட்டாரு. ஆதாம் பாவமே பண்ணலன்னாலும் கிறிஸ்து மனுஷனா வந்திருப்பாருன்னு சொன்ன ஆளு, மனுஷ சுபாவத்துக்கு எவ்ளோ பெரிய மரியாதை அது, அதப்போய் இப்படி விடலாமா? ஜெராக்ஸ் நோட்ஸ் பாதி அழிஞ்சிருக்குது, மைக் கரகரன்னுது, பின்னாடி ஃபேனும் இல்ல, வேலூர் வெயில்ல முன்வரிசை புடிச்சிடுங்க. அடுத்த பேட்ச்ல ஸ்கோட்டஸுக்கு தனியா ஒரு வாரம் குடுத்தாருன்னா அஞ்சாவது ஸ்டார் போட்டுடறேன்.