நாட்டுக்கோழி: மேயவிடுவதா, வலைக்குள் வைப்பதா?

2024 ஏப்ரலில் ஆலப்புழை மாவட்டத்தின் எடத்துவா, செருதனா பகுதிகளில் வாத்துகளுக்குப் பறவைக்காய்ச்சல் உறுதியானது. எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் கோபாலபுரம் சாவடியில் கேரளாவிலிருந்து வரும் வண்டிகளுக்கு மருந்து அடிக்க ஆரம்பித்தார்கள். அந்த வாரம்தான் என் இருபது கோழிகளையும் வலைக்குள் கொண்டுவந்தேன்.

அதுவரை காலையில் திறந்துவிட்டால் பொழுது சாயத்தான் பட்டிக்கு வரும். மேயவிடுவதில் உள்ள நன்மை வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்: தீவனம் மிச்சம், கரையானும் புழுவும் கிடைக்கும், ஒன்றையொன்று கொத்தாது.

நான் மாறியதற்கு ஒரே காரணம் தண்ணீர். காட்டு வாத்துகள் நோய்க்குறி எதுவும் இல்லாமலே இந்தக் கிருமியைச் சுமக்கும், எச்சத்தில் வெளிவிடும். குளிர்ந்த நீரில் அது நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆலப்புழையைச் சேர்ந்த குட்டநாட்டில் அறுப்பு முடிந்த வயல்களில் வாத்துகளை வயல் மாற்றி வயல் ஓட்டி மேய்ப்பார்கள். அதே தண்ணீரில் வலசைப் பறவைகளும் இறங்கும். அங்கே 2014, 2021, 2024 என்று நோய் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. என் கோழிகளும் தோட்டத்துக் குட்டையில்தான் குடித்தன. மார்கழியில் அங்கே கொக்கும் சிறகி என்ற காட்டு வாத்தும் இறங்குவதை ரசித்துப் பார்த்தவன் நான். அந்தச் செய்திக்குப் பிறகு அப்படிப் பார்க்க முடியவில்லை.

சரி, வலை கட்டினால் போதுமா? போதாது. முதலில் மேலேயும் வெறும் வலைதான் போட்டிருந்தேன். காகமும் புறாவும் அதன்மேல் உட்கார்ந்து எச்சமிட, அது நேராகத் தண்ணீர்ச் சட்டியில் விழுந்தது. பிறகு மேலே தகரம் போட்டேன், சட்டியை எடுத்துவிட்டு கோழி கொத்தினால் மட்டும் தண்ணீர் சொட்டும் நிப்பிள் குழாய் வைத்தேன். தீவன மூட்டையை மூடிய டிரம்முக்குள் மாற்றினேன். கொட்டகைக்கென்று தனிச் செருப்பு. அதோடு வெளியே போவதில்லை, வெளிச் செருப்போடு உள்ளே போவதில்லை. கோழி வாங்க வருபவர்களும் வலைக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

சிரமம் இல்லாமல் இல்லை. தீவனச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. தரையில் போட்ட தேங்காய் நார்க்கழிவை வாரம் ஒருமுறை கிளறிவிடாவிட்டால் நெடி கண்ணைக் கரிக்கும். கொத்திக்கொள்வதைக் குறைக்கக் கீரைக்கட்டைக் கட்டித் தொங்கவிடுகிறேன், ஓரளவு பலன் இருக்கிறது.

எங்கள் ஊருக்கு இதுவரை நோய் வரவில்லை. அதனால் வலைதான் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். நூறு, இருநூறு கோழி வளர்ப்பவர்களுக்கு என் கணக்கு பொருந்துமா என்பதற்கும் எனக்கு அனுபவம் இல்லை.

எந்த முறையில் வளர்த்தாலும், கோழிகள் திடீரென்று அடுத்தடுத்துச் செத்தாலோ கொண்டை நீலம் பாய்ந்தாலோ அறுக்கவும் வேண்டாம், வெறுங்கையால் தொடவும் வேண்டாம். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்ற வேறொரு கோழி நோயிலும் இப்படித்தான் சாகும், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகத்தின் முடிவுதான் உறுதி செய்யும்.

உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் வளர்ப்புப் பறவைகளை எல்லாம் அழிப்பார்கள். வலைக்குள் இருக்கும் என் கோழிக்கும் விலக்கு கிடையாது. இதைச் சொல்லித்தான் பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் பேசினேன். கோழியை அடைக்க அவர் சம்மதிக்கவில்லை. ஆனால் தண்ணீரையும் தீவனத்தையும் கூரைக்குக் கீழே மாற்றியிருக்கிறார், குட்டைப் பக்கம் போகாதபடி வேலியும் போட்டிருக்கிறார்.