எஸ்எம்எஸ் ஓடிபி, ஆத்தென்டிகேட்டர், பாஸ்கீ: லாகினுக்கு எது?

புதிதாக லாகின் எழுதுபவர்கள் முதலில் கை வைப்பது எஸ்எம்எஸ் ஓடிபியில்தான். எழுதுவது எளிது, கோட்டை விடுவதும் எளிது. சாதாரண ரேண்டம் ஃபங்ஷனில் அடுத்த எண்ணை ஊகிக்க முடியும். பைத்தானில் செக்ரெட்ஸ் மாட்யூலைப் பயன்படுத்துங்கள். ஓடிபி கோடை (பயனருக்குப் போகும் 6 இலக்க எண்ணை) இன்டிஜராகச் சேமித்தால் 004217 வெறும் 4217 ஆகிவிடும். பத்தில் ஒரு கோடு பூஜ்ஜியத்தில்தான் தொடங்கும். வெறும் ஹாஷ் (திருப்பி எடுக்க முடியாதபடி மாற்றும் கணக்கு) போட்டும் பயனில்லை. பத்து லட்சம் சாத்தியங்களையும் கண் இமைப்பதற்குள் கணக்கிட்டுவிடலாம் என்பதால், சர்வர் சாவியோடு எச்எம்ஏசி (ரகசியச் சாவி கலந்த ஹாஷ்) வேண்டும். தவறான முயற்சிகளைக் கோடு வாரியாக அல்ல, கணக்கு வாரியாக எண்ணுங்கள். இல்லாவிட்டால் 'மீண்டும் அனுப்பு' அழுத்தியதும் எண்ணிக்கை பூஜ்ஜியமாகிவிடும். இத்தனையும் செய்தாலும் சிம் ஸ்வாப்பை (பயனரின் எண்ணைத் திருடன் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்வதை) உங்கள் கோடிங்கால் தடுக்க முடியாது.

ஆத்தென்டிகேட்டர் ஆப் (போனிலேயே கோடை உருவாக்கும் செயலி) பின்பற்றுவது 2011இல் வந்த ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தை. இதில் லாகினின்போது பயனருக்குக் கோடு எதுவும் அனுப்பப்படுவதில்லை. யூனிக்ஸ் நேரத்தை (1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய நொடிகளை) 30ஆல் வகுத்து, வரும் ஈவை (இதுதான் கவுன்ட்டர்) ரகசியச் சாவியோடு எச்எம்ஏசி-ஷா-1 (ஷா-1 என்ற ஹாஷைப் பயன்படுத்தும் எச்எம்ஏசி) போட்டால் 20 பைட் கிடைக்கும். கடைசி பைட்டின் கீழ் 4 பிட் எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும். அங்கிருந்து 4 பைட், மேல் பிட்டை நீக்கி, பத்து லட்சத்தால் வகுத்த மீதிதான் கோடு. 12345678901234567890 என்ற ஆஸ்கி சாவிக்கு யூனிக்ஸ் நேரம் 59 எனும்போது 287082 வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் கவுன்ட்டரை 8 பைட் பிக்-எண்டியனாக (பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும்படி) மாற்றாததுதான் காரணம். கடிகாரம் சற்றுப் பிசகினால் சமாளிக்க முன்னும் பின்னும் ஒரு படி (30 நொடி) ஏற்கலாம். அதற்கு மேல் வேண்டாம். ஏற்ற கோடை இரண்டாம் முறை ஏற்கவே கூடாது. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். சாவியை சர்வர் திரும்பப் படிக்க வேண்டியிருப்பதால் ஹாஷ் செய்ய முடியாது, என்கிரிப்ட்தான் செய்ய வேண்டும்.

மேற்சொன்ன இரண்டு வகைக் கோடுகளையும் போலித் தளம் ஒன்று கேட்டு வாங்கி, அந்த நொடியே உண்மைத் தளத்தில் போட்டுவிட முடியும். பாஸ்கீயில் (பயனரின் சாதனத்தில் உள்ள ரகசியச் சாவியால் கையொப்பமிட்டு நுழையும் முறை) அது நடக்காது. சர்வர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தரும் ரேண்டம் மதிப்பான சேலஞ்சோடு (16 பைட்டாவது இருக்கட்டும்) தளத்தின் முகவரியும் சேர்ந்தே கையொப்பமாகிறது. சர்வரிடம் இருப்பது கையொப்பத்தைச் சரிபார்க்க மட்டும் உதவும் பப்ளிக் கீ மட்டுமே. சேலஞ்சை செஷனில் வைத்து ஒப்பிட்டு, ஒரு முறை பயன்படுத்தியதும் அழித்துவிடுங்கள். பிரவுசர் திருப்பி அனுப்பியதையே நம்பினால் பழைய பதிலை மறுபடி ஓட்டிவிடுவார்கள்.

புதிய மென்பொருள் என்றால் பாஸ்கீ முதலில், ஆத்தென்டிகேட்டர் துணைக்கு. சாதனம் தொலைந்தவருக்கு முன்பே அச்சிட்டு வைக்கும் மீட்புக் கோடுகளைக் கொடுங்கள். அங்கே எஸ்எம்எஸ்ஸை வைத்தால், திருடன் நேராக அந்த வழிக்குத்தான் வருவான்.