‘ஒரே சிப்பாயின் உடைமைகள்’ என்று விற்கிறார்கள், கவனம்: 1,450 யூரோ கொடுத்து நான் கற்றது

போன மார்ச் மாதம் 1,450 யூரோ கொடுத்து ஓர் அட்டைப்பெட்டி வாங்கினேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் தரைப்படையில் இருந்த ஒரே சிப்பாயின் உடைமைகள் என்று விற்றவர் எழுதியிருந்தார். மேல்சட்டை, கழுத்தில் தொங்கும் அடையாளத் தகடு, சம்பளப் புத்தகம், தண்ணீர்க் குடுவை, ரொட்டிப் பை, ஒரு மூக்குக்கண்ணாடி, போர்முனையிலிருந்து வீட்டுக்கு எழுதிய ஒன்பது கடிதங்கள். தாத்தாவின் வீட்டைக் காலி செய்தபோது பரணில் எல்லாம் ஒன்றாகக் கிடைத்தன என்றார். அந்தப் பெட்டியில் அந்த மனிதருக்குச் சொந்தமானது சம்பளப் புத்தகம் ஒன்றுதான். மற்றவை அங்கங்கே பொறுக்கிச் சேர்த்தவை. அதிலும் இரண்டு பொருட்கள் போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு யாரோ செய்தவை.

ஜெர்மனியிலும் பக்கத்து நாடுகளிலும் இருக்கும் நம் ஆட்கள் பலர் ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தைக்குப் போகிறார்கள். இந்தப் பொருட்கள் மேல் ஆர்வம் உள்ள சிலரை எனக்கே தெரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ராணுவத்தைக் கொண்டாட நான் இவற்றைச் சேர்க்கவில்லை. 1995-இல் ஹாம்பர்கில் தொடங்கி ஊர் ஊராகப் போன கண்காட்சி ஒன்று, கொலைகளைச் செய்தது நாஜிக் கட்சியின் எஸ்எஸ் படை மட்டுமல்ல, சாதாரணப் படைகளும்தான் என்று காட்டியது. அதன் பட்டியல் நூலைப் படித்த பிறகு ஒரு சீருடையைப் பார்க்கும்போது எனக்கு எந்தப் பெருமையும் வந்ததில்லை. என்னை இதில் இழுத்தவர் கீழ் வீட்டுப் பாட்டி. அவருடைய அப்பா 1945 ஜனவரிக்குப் பிறகு என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. அவரிடம் இருப்பவை ஒரு புகைப்படமும் ‘காணவில்லை’ என்று வந்த ஒரு காகிதமும்தான். ஒரு மனிதன் தன்னோடு என்ன எடுத்துக்கொண்டு போனான், அவனைப் பற்றி எங்கே என்ன எழுதி வைத்தார்கள் என்று தேடத் தொடங்கியது அவரால்தான்.

சரி, ஏமாந்தது எப்படி என்று சொல்கிறேன்.

ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின்படி ஸ்வஸ்திகா சின்னத்தைப் பொதுவில் காட்டக் கூடாது. ஆய்வு, கல்வி, கலை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் விற்பவர்கள் படம் எடுக்கும்போது ஸ்வஸ்திகாவைப் பிடித்திருக்கும் கழுகுச் சின்னத்தின் மேல் துண்டுக் காகிதம் ஒட்டிவிடுவார்கள். அது சரியான வழக்கம்தான். ஆனால் என் ஆள் அதைத் தன் வசதிக்குப் பயன்படுத்தினார். சட்டையின் மார்பில் இருந்த கழுகு மேல் ஒரு காகிதம். உள்துணி முத்திரைக்குப் பக்கத்தில் இன்னொன்று. சம்பளப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், ரப்பர் முத்திரையோடு சேர்த்து நடு வரிகளையும் மறைத்தபடி மூன்றாவது. சட்டத்துக்குப் பயந்து ஒட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பொருள் அசலா என்று சொல்லக்கூடிய இடங்கள் எல்லாம் அந்தக் காகிதங்களுக்கு அடியில் இருந்தன.

பெட்டி வந்த அன்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து புத்தகத்தை வரி வரியாகப் படித்தேன்.

‘சோல்ட்பூஹ்’ என்று ஜெர்மனியர்கள் சொல்லும் இந்தச் சம்பளப் புத்தகம்தான் சிப்பாயின் அடையாள அட்டை. எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் அடையாளத் தகட்டில் பொறித்திருக்கும் எழுத்துகளும் எண்ணும் அப்படியே எழுதப்பட்டிருக்கும். ரத்த வகை, வாயு முகமூடியின் அளவு எல்லாம் அங்கேதான். அடுத்த பக்கத்தில் ஆளின் தோற்றம்: உயரம், உடல்வாகு, முடி, கண், கண்ணாடி அணிபவரா, காலணியின் நீளம், அகலம். இன்னும் தள்ளிப் போனால் மனைவி அல்லது பெற்றோரின் முகவரி, எந்தெந்தப் பட்டாளத்தில் இருந்தார், என்னென்ன உடுப்பு கொடுத்தார்கள், எந்த மருத்துவமனையில் கிடந்தார் என்று ஒரு மனிதனின் போர்க்காலம் முழுக்க அதில் இருக்கும். வேறு சாட்சியே தேவையில்லை. பெட்டியில் இருந்த மற்றப் பொருட்களை அந்தப் பக்கங்களோடு வைத்துப் பார்த்தால் போதும்.

புத்தகத்தின்படி அவர் ஒரு தச்சர், 1912-இல் பிறந்தவர், உயரம் 166 சென்டிமீட்டர். பெட்டியில் வந்த சட்டையை 181 சென்டிமீட்டர் உயரமுள்ள நான் போட்டுப் பார்த்தேன். கை எனக்கே நீளம். கண்ணாடி அணிபவர் என்ற குறிப்பு புத்தகத்தில் இல்லை. பெட்டியிலோ வாயு முகமூடிக்குள் அணிவதற்கென்று பார்வை குறைந்தவர்களுக்குக் கொடுத்த கண்ணாடி, காதில் மாட்டத் துணி நாடாவோடு, தகர டப்பாவில் இருக்கிறது. கண்ணாடி அசல்தான். ஆனால் யாருடையதோ. மனைவியின் பெயர் எழுத வேண்டிய இடம் காலி, பெற்றோரின் முகவரி மட்டும் இருக்கிறது. ஒன்பது கடிதங்களோ ‘அன்புள்ள மனைவிக்கும் குழந்தைகளுக்கும்’ என்று தொடங்குகின்றன. உறை ஒன்றுகூட இல்லை. உறையில் அனுப்புபவரின் பெயரும் ஐந்து இலக்கக் களத் தபால் எண்ணும் இருக்கும் என்பதால்தான் விற்றவர் உறைகளை எடுத்துவிட்டார் என்று இப்போது புரிகிறது. அந்தக் கடிதங்களைத் தனியாகப் படித்தபோது மனசு கனத்தது. யாரோ ஒரு அப்பா, மகளின் பல் விழுந்ததைப் பற்றிக் கேட்கிறார். அந்தக் குடும்பத்தின் பெயரையே அழித்து என்னிடம் விற்றிருக்கிறார் இந்த ஆள்.

அடையாளத் தகட்டைப் பார்ப்போம். சிப்பாய் முதலில் சேர்ந்த பட்டாளத்தில், பெரும்பாலும் பயிற்சி தரும் மாற்றுப் பட்டாளத்தில், தகடு கொடுப்பார்கள். அந்தப் பட்டாளத்தின் சுருக்கமும் வரிசை எண்ணும்தான் அதில் இருக்கும், பெயர் இருக்காது. பிறகு எந்தப் படைக்கு மாறினாலும் தகடு அதேதான். தொலைந்தால் புதியது தருவார்கள். அப்போது முதல் பக்கத்தில் பழையதை அடித்துப் புதியதை எழுதுவார்கள். என் புத்தகத்தில் முதல் பக்கத்தில் ஒரு மாற்றுப் பட்டாளத்தின் பெயர், அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. தகட்டில் இருந்ததோ அவர் பின்னால் போய்ச் சேர்ந்த படையின் பெயர். போலி செய்தவர் பின்பக்க முத்திரையைப் பார்த்துத் தகட்டில் குத்தியிருக்கிறார். காகிதம் ஒட்டி மறைத்த வரி இதுதான்.

சட்டைதான் விலையை ஏற்றியது. கரும்பச்சைக் கழுத்துப்பட்டை, மடிப்பு வைத்த நான்கு பைகள். சேகரிப்பவர்கள் எம் 36 என்று சொல்லும், போர் தொடங்கும் முன்பே வந்துவிட்ட மாதிரி. 1940-இல் கழுத்துப்பட்டை துணியின் நிறத்துக்கே மாறியது, பிறகு பையின் மடிப்பையும் எடுத்துவிட்டார்கள். அதனால் பழைய மாதிரிக்கு மதிப்பு அதிகம். உள்துணியில் கழுத்து, முதுகு, மார்பு, கை, முழு நீளம் என்று ஐந்து அளவுகளும் அதன் பக்கத்தில் ‘பி 40’ என்ற முத்திரையும் இருந்தன. பெர்லின் கிடங்கு, 1940-ஆம் ஆண்டு என்று பொருள். அதற்குக் கீழே, காகிதத்தை எடுத்த பிறகு தெரிந்தது ஓர் ஆர்பி எண். தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைக்க அதற்குப் பதிலாக எண் போடுவது 1942-இன் கடைசியில் வந்த ஏற்பாடு. 1940-இல் தைத்த சட்டையில் அது இருக்க வழியே இல்லை.

அப்புறம் ஒரு புற ஊதா டார்ச் வாங்கி இருட்டறையில் அடித்துப் பார்த்தேன். கழுகைத் தைத்த நூல் விளக்குப் போல வெள்ளையாக ஒளிர்ந்தது. பிற்காலத்துச் செயற்கை இழை. இந்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். அசல் பழந்துணியை யாராவது இன்றைய சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும். ஒளிராத போலிகளும் உண்டு. எனக்கு ஆர்பி எண்ணே போதுமானதாக இருந்தது.

தண்ணீர்க் குடுவையும் ரொட்டிப் பையும் அசல். ஆனால் அவை எந்தச் சந்தையிலும் தனித்தனியாகக் கிடைப்பவை. நானே முன்பு ஒரு குடுவையை 40 யூரோவுக்கு வாங்கியிருக்கிறேன். சம்பளப் புத்தகத்தைத் தனியாக விற்றால் 150 வரலாம். எல்லாவற்றையும் ஒரு மனிதனின் கதையாகக் கட்டினால்தான் 1,450 வரும். போலியை விட இந்தக் கதை கட்டுதல்தான் ஆபத்து. ஏனென்றால் பெட்டியில் பாதி அசலாக இருக்கும்போது நம் சந்தேகம் தூங்கிவிடுகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ‘தனிநபர் விற்பனை, உத்தரவாதம் இல்லை, திரும்ப எடுக்க மாட்டேன் என்று எழுதியிருந்தேனே’ என்றார். இந்த வாசகத்தைப் பார்த்து நிறையப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். தெரிந்தே பொய் சொல்லியோ மறைத்தோ விற்றிருந்தால் அந்த வாசகம் அவரைக் காப்பாற்றாது. ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 444-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. தவிர, மாதம் முழுக்க விற்றுக்கொண்டே இருப்பவரைத் தனிநபர் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. வியாபாரி என்று நிரூபணமானால் இணையத்தில் வாங்கியதற்கு 14 நாள் திருப்பும் உரிமை உண்டு. நான் செய்த பெரிய தவறு, அவர் கேட்டபடி பேபாலில் ‘நண்பர்களும் குடும்பமும்’ வழியாகப் பணம் அனுப்பியது. அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பே கிடையாது. கட்டணம் மிச்சமாகும் என்று யார் சொன்னாலும் அந்த வழியில் அனுப்பாதீர்கள். படங்களையும் விளம்பர வாசகத்தையும் அன்றே சேமித்து வையுங்கள். என் புகார் போன மறுநாளே அவர் விளம்பரத்தை நீக்கிவிட்டார். நல்லவேளை, என்னிடம் பிரதி இருந்தது.

காவல் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

இதுவரை சொன்னது என் பணத்தைப் பற்றி. ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அடுத்து நடந்ததற்காக.

பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிய பிறகு அவர் தொலைபேசியில் அழைத்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். பணமாகத் தர முடியாது, சமாதானமாகப் போய்விடலாம், நூறு சதவீதம் அசலான பொருள் அனுப்புகிறேன் என்றார். நான்கு நாளில் ஓர் உறை வந்தது. உள்ளே துத்தநாக அடையாளத் தகடுகள் இரண்டு. மண் படிந்து வெள்ளை பூத்தவை. கூடவே ஒரு சீட்டு: ‘கூர்லாந்து, நிலத்திலிருந்து எடுத்தவை.’ லாட்வியாவின் மேற்குப் பகுதி அது. 1944 அக்டோபரிலிருந்து போர் முடியும் வரை ஜெர்மன் படைகள் அங்கே சூழப்பட்டுக் கிடந்தன.

இரண்டும் முழுத் தகடுகள். அதுதான் என்னை உலுக்கியது. அந்த நீள்வட்டத் தகட்டின் நடுவில் துளைக்கோடு இருக்கும், இரண்டு பாதியிலும் ஒரே எழுத்துகள் இருக்கும். சிப்பாய் இறந்தால் கீழ்ப் பாதியை ஒடித்து எடுத்துத் தகவல் அனுப்புவார்கள். மேல் பாதி உடலோடு புதைக்கப்படும். உயிரோடு வீடு திரும்பியவர்களிடமும் முழுத் தகடு இருந்திருக்கும். ஆனால் போர் நடந்த காட்டு மண்ணுக்குள் முழுசாகக் கிடந்த தகடு என்றால், பெரும்பாலும் அந்த உடலை யாரும் கண்டெடுத்துப் பதிவு செய்யவில்லை. வீட்டுக்கு ‘காணவில்லை’ என்று ஒரு காகிதம் மட்டும் போயிருக்கும்.

தகட்டின் எண் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியும். பட்டாளங்கள் அனுப்பிய தகட்டுப் பட்டியல்கள் 1939-இல் தொடங்கிய ஒரு தகவல் அலுவலகத்தில் சேர்ந்தன. பெர்லினில் இருந்த அந்த அலுவலகம் 2019-இல் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தோடு இணைந்தது. 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களின் அட்டைகள் அங்கே இருக்கின்றன. கல்லறைகளைப் பார்த்துக்கொள்வது காசல் நகருக்குப் பக்கத்தில் தலைமையகம் உள்ள ஃபோல்க்ஸ்பண்ட் என்ற அமைப்பு. 1919-இல் தொடங்கியது, இன்றும் கிழக்கு ஐரோப்பாவில் எலும்புகளைத் தோண்டி எடுத்து முறையாக அடக்கம் செய்கிறது. கூர்லாந்தில் கிடைப்பவர்களுக்கு சால்துஸ் என்ற ஊரில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஆனால் அவர்கள் தோண்டுவதற்கு முன்பே உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு போய்த் தகட்டை மட்டும் எடுத்து விற்றுவிட்டால், மிச்சம் இருப்பது யார் என்று தெரியாத எலும்பு. தகட்டை வைத்துப் பெயரைச் சொல்லலாம். அந்தப் பெயர் எந்தக் குழிக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது.

போலித் தகட்டை வாங்கினால் போவது நம் பணம். அசல் தகட்டை இப்படி வாங்கினால், கீழ் வீட்டுப் பாட்டி போன்ற ஒருவரின் கடைசி வாய்ப்புக்கு நாம் விலை கொடுக்கிறோம். மண் படிந்த தகடுகளை ‘நிலத்தில் கிடைத்தது, அசல்’ என்று பெருமையாக விற்பவரிடமிருந்து எதையுமே வாங்காதீர்கள். ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். எங்கே, எப்போது, யாரிடம் வாங்கினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்.

அந்த இரண்டையும் நான் பாட்டியிடம் காட்டவில்லை. பெர்லினுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பும் முன் விற்றவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன்: பணத்தை விடுங்கள், இந்த இரண்டும் எந்த ஊருக்குப் பக்கத்தில், எந்த இடத்தில் கிடைத்தன என்று மட்டும் சொல்லுங்கள் என்று. மறுநாள் ஒரு வரியில் பதில் வந்தது.

‘காட்டில். எல்லாமே காட்டில்தான் கிடைக்கும்.’

அதையும் அச்சிட்டுப் புகாரோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.