டர்போ இல்லாமல் 11 வருஷம், டர்போவோடு 13 வருஷம்: இரண்டு லாரிகளின் கணக்கு

சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் டர்போவைப் பற்றி, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவியைப் பற்றி, ஒரு கருத்து இருக்கும். "பழைய இன்ஜின் கல்லு மாதிரி, டர்போ போச்சுன்னா செலவு தாங்காது" என்பதுதான் பெரும்பாலும் காதில் விழுவது. நானும் ரொம்ப நாள் அதையே நம்பினேன். இரண்டையும் ஓட்டி முடித்து, கணக்கு நோட்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தபிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது.

1997-இல் அப்பா எடுத்த ஆறு சக்கர வண்டியில் டர்போ கிடையாது. அதை 2008-இல் கொடுத்துவிட்டு டர்போவும், அது அழுத்தும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரும் வைத்த ஆறு சக்கர வண்டியே எடுத்தோம். டீசல் பம்பு மட்டும் பழைய மெக்கானிக்கல் வகை. 2021 வரை ஓடியது. இரண்டிலும் ஒரே மாதிரி லோடு, முக்கால்வாசி நாள் ஸ்டியரிங்கில் நான்தான். அதனால் தைரியமாக ஒப்பிட்டுச் சொல்லலாம்.

பழைய வண்டியின் பெரிய குணம் பொறுமை. ஆயில் மாற்ற ஐயாயிரம் கிலோமீட்டர் தள்ளிப்போனாலும் கோபித்துக்கொள்ளாது. ஸ்டார்ட் செய்த உடனே முறுக்கலாம், நிறுத்திய உடனே ஆஃப் செய்யலாம். எந்த மாநிலத்தில் நின்றாலும் நாலு ஸ்பேனர் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் போதும்.

ஆனால் அந்த இன்ஜின் பட்ட பாடு ஓட்டியவனுக்குத்தான் தெரியும். தொப்பூர் ஏற்றத்தில் லோடோடு போகும்போது இரண்டாவது கியர், ஆக்சிலேட்டர் தரையோடு தரை, பின்னால் கரும்புகை. டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே இருக்கும். அந்தக் கரும்புகைதான் விஷயமே. டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. எரியாத கரி புகையாக வெளியே போவதோடு நிற்காமல், பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலிலும் இறங்குகிறது. அந்த ஆயில்தான் பிஸ்டன் ஓடும் குழாயான லைனரையும் பேரிங்கையும் காப்பாற்ற வேண்டும்.

ஆப்பிள் லோடுக்குக் காஷ்மீர் போனபோது இது இன்னும் நன்றாகப் புரிந்தது. போகிற வழியில் பனிஹால் மலையில் ஜவஹர் சுரங்கம் இருப்பது சுமார் 2,200 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தானாக இழுக்கிற காற்றை மட்டும் நம்பி ஓடும் இன்ஜினுக்கு இழுவையும் அதே அளவுக்குக் குறையும். பனிஹால் ஏற்றத்தில் பின்னால் வந்தவர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். 2010-இல் டர்போ வண்டியில் அதே பாதையில் போனேன். வீணாகப் போகிற புகையின் வேகத்திலேயே விசிறியைச் சுற்றிக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால், ஒரு கியர் மேலே வைத்தே ஏறியது.

இதன் பலன் இன்ஜினைப் பிரித்த அன்றைக்குக் கண்ணால் தெரிந்தது. பழைய வண்டிக்கு 3 லட்சத்து 40 ஆயிரம் கிலோமீட்டரில் முதல் இன்ஜின் வேலை. லைனரின் உள்பக்கம், மேல் ரிங் வந்து திரும்பும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்தால் படிக்கட்டு போலத் தட்டும். 6 லட்சத்து 60 ஆயிரத்தில் மறுபடி லைனர், பிஸ்டன் செட், கிராங்க் கிரைண்டிங் வரைக்கும் போனது. டர்போ வண்டியை முதல்முறை பிரித்ததே 7 லட்சத்து 20 ஆயிரத்தில். அதே இடத்தில் நகத்தை வைத்தேன். சின்னதாக ஒரு உரசல், அவ்வளவுதான். சிறிய சுமையைத் தூக்குகிற பெரிய ஆள் மாதிரி, அது முழு பலத்தையும் போடாமலேயே ஓடியிருக்கிறது.

சரி, டர்போ போகவே இல்லையா? போனது. 2013-இல் விசில் சத்தம் சைரன் மாதிரி மாறி, நீலப்புகை தள்ளி, சைலன்சர் வழியாக ஆயில் சொட்டியது. ஒரு பட்டறையில் புது டர்போ போட்டார்கள். இருபத்திரண்டு நாளில் அதுவும் போய்விட்டது. அந்த மாதம் டியூ கட்ட நான் அலைந்த அலைச்சல் இன்னும் மறக்கவில்லை. மூன்றாவது தடவை திருச்செங்கோட்டில் வயதான ஒரு மெக்கானிக், டர்போவைத் தொடுவதற்கு முன்னால் அதிலிருந்து கீழே வரும் ஆயில் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றினார். நியூஸ் பேப்பரை விரித்து அதன்மேல் தட்டினார். கரித்துண்டுகள் பொலபொலவென்று கொட்டின.

"டர்போ மேல தப்பில்ல தம்பி. இறங்க வழியில்லாம ஆயில் அங்கயே நின்னுருக்கு" என்றார்.

டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். ஏற்றம் ஏறி வந்த சூட்டோடு ஓட்டல் வாசலில் நிறுத்திச் சாவியைத் திருப்பினால், ஆயில் ஓட்டம் நின்று, உள்ளே இருக்கிற ஆயில் வெந்து கரியாகிறது. பழைய வண்டியில் பழகிய கையால் ஐந்து வருஷம் நான் செய்தது அதுதான். பைப்பை மாற்றி, புது டர்போவுக்குள் முதலில் ஆயில் ஊற்றிப் பொருத்தினார். அதன்பிறகு நிறுத்துவதற்கு முன் மூன்று நிமிடம் ஐடிலில் விடுவேன். ஸ்டார்ட் செய்தால் ஆயில் பிரஷர் வரும்வரை கால் வைக்க மாட்டேன். வண்டியை விற்கும்வரை அந்த டர்போதான் ஓடியது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2017 ஏப்ரலில் பிஎஸ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுக்க வந்தபிறகு எடுத்த பல வண்டிகளில், டீசலை அதிக அழுத்தத்தில் இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும் காமன் ரெயில், சென்சார், புகையைச் சுத்தம் செய்ய யூரியா டேங்க் எல்லாம் உண்டு. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்யும் இன்ஜெக்டருக்கு டீசலில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே ஆபத்து. என்னிடம் இப்போது இருக்கும் 2018 வண்டி நடுவழியில் நின்ற மூன்று தடவையும் காரணம் சென்சாரும் இன்ஜெக்டரும்தான். ஊரில் என்னவோ "டர்போ வண்டின்னா அப்படித்தான்" என்றார்கள். பழியை இடம் மாற்றிப் போடுகிறோம்.

ஷோரூமில் இன்றைக்குக் கனரக லாரி கேட்டால் டர்போ வைத்ததுதான் தருவார்கள். செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்கள் இன்ஜின் ஆறியபிறகு ஏர் ஹோஸைக் கழற்றி, ஷாஃப்டை விரலால் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம், ஆயில் படலத்துக்கான இடைவெளி அது. முன்னும் பின்னும் நகர்வது கைக்குத் தெரிந்தாலோ, விசிறி இலையின் ஓரம் தூசி தின்று மழுங்கியிருந்தாலோ, ஏர் ஃபில்டரையும் ஹோஸ் கிளிப்பையும் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.